கடையில் கொடுத்த கொட்டேஷன்: இந்தப் பாகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா?

கேட்டவர் வடசென்னை வியாசர்பாடியில் இருக்கும் ஒரு தம்பி. பாலிடெக்னிக் கடைசி வருடம். சாயந்திரம் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு கேமிங் சிஸ்டம் போடப் போகிறார். வாலரன்ட், ஜிடிஏ 5 ஆட வேண்டும், ஏரியா ஃபுட்பால் டீமின் மேட்ச் வீடியோக்களை எடிட் செய்ய வேண்டும். கடையில் எழுதிக் கொடுத்தது இது: ரைசன் 5 5600 பிராசசர், பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒரே ஸ்டிக், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட், அதோடு சேர்ந்தே வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். சிஸ்டம் மாடியில் ஷீட் போட்ட ரூமில் இருக்கும். "அண்ணா, எல்லாம் செட் ஆகுமா?" என்பதுதான் கேள்வி.

தம்பி, செட் ஆகும். எல்லாப் பாகமும் அதனதன் இடத்தில் உட்காரும், சிஸ்டமும் ஆன் ஆகிவிடும். ஆனாலும் இந்தக் கொட்டேஷனுக்குக் காசு கொடுக்காதீர்கள். பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் பல வருடமாக சிஸ்டம் அசெம்பிள் செய்வதும் சர்வீஸ் பார்ப்பதும்தான் என் வேலை. பாகங்களைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தப்புகளை நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். முதல் வகை, பாகம் உட்காரவே உட்காராது. கையில் வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிடும், கடையில் மாற்றிக்கொள்ளலாம், நஷ்டம் ஒரு நாள் அலைச்சல்தான். இரண்டாவது வகை, பாகம் உட்காரும், ஆனால் டிஸ்ப்ளே வராது. பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் சரி செய்யக்கூடியது. மூன்றாவது வகையில் எல்லாம் உட்காரும், ஆன் ஆகும், கேமும் ஓடும். ஆனால் கொடுத்த காசில் பாதிக்குத்தான் வேலை செய்யும், இல்லையென்றால் எட்டு மாதம் கழித்து ஒரு மழை நாளில் மொத்தமாகப் போகும். உங்கள் கொட்டேஷனில் இருப்பது இந்த மூன்றாவது வகை. சர்வீஸுக்கு வரும்போது என்னைச் சங்கடப்படுத்துவதும் இதுதான், ஏனென்றால் அந்தப் பையனுக்குத் தான் ஏமாந்ததே தெரியாது.

முதல் வகையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். பிராசசருக்கும் போர்டுக்கும் சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம், ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் 5600 ஏஎம்4 சாக்கெட். அது 2016-இல் வந்தது. பி450, பி550, ஏ520 எல்லாம் ஏஎம்4 போர்டுகள். 2022-இல் வந்த ஏஎம்5 முற்றிலும் வேறு, அதில் ரைசன் 7000 வரிசை முதல் மேலே உள்ளவைதான் உட்காரும், ரேமும் டிடிஆர்5 மட்டும்தான். இன்டெல் பக்கம் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700 சாக்கெட். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரே போர்டு பெயரில் டிடிஆர்4 வைக்கிற மாடலும் இருக்கும், டிடிஆர்5 வைக்கிற மாடலும் இருக்கும். இரண்டு ரேமுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அதனால் மாற்றிச் சொருக முடியாது. அழுத்திப் பார்க்காதீர்கள், ஸ்லாட் உடையும்.

போர்டு அளவும் இப்படித்தான். ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244. பெரிய கேபினெட்டில் சின்ன போர்டு போகும், சின்னதில் பெரியது போகாது. கேபினெட் பெட்டியிலேயே கார்டு எத்தனை மில்லிமீட்டர் நீளம் வரை போகும், கூலர் எத்தனை உயரம் வரை போகும் என்று போட்டிருப்பார்கள். இரண்டு எண்களையும் கார்டு, கூலரின் அளவோடு ஒப்பிட்டால் போதும். 5600 பெட்டியோடு வரும் கூலர் குட்டையானது, எதிலும் போகும்.

இரண்டாவது வகைக்கு உங்கள் கொட்டேஷனிலேயே உதாரணம் இருக்கிறது. பி450 போர்டு 2018-இல் வந்தது. ரைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். கடையில் அந்த போர்டு பழைய பயாஸோடு (ஆன் செய்ததும் போர்டை எழுப்பும் மென்பொருள்) பெட்டிக்குள்ளேயே இருந்திருந்தால், அதற்கு இந்தப் பிராசசர் யாரென்றே தெரியாது. ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். வீட்டுக்குக் கொண்டு போன பிறகு இது நடந்தால் போர்டு போய்விட்டது என்று நினைத்துப் பதறுவீர்கள். கடையிலேயே "5600-க்கு பயாஸ் அப்டேட் செய்து கொடுங்கள்" என்று கேளுங்கள், ஐந்து பத்து நிமிட வேலை. சில போர்டுகளின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்று ஒரு பட்டன் இருக்கும். அது இருந்தால் பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் வைத்து அப்டேட் செய்துவிடலாம். போர்டு வாங்கும்போது அந்தப் பட்டன் இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று, ரைசன் 5 5600-இல் உள் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி-யில் உண்டு. இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால், உதாரணமாக 12400எஃப், அதிலும் கிடையாது. அப்படிப்பட்ட பிராசசரோடு மானிட்டர் கேபிளைப் போர்டின் எச்டிஎம்ஐ-யில் சொருகினால் எதுவும் தெரியாது, கார்டில்தான் சொருக வேண்டும். பிராசசர் இன்று, கார்டு அடுத்த தீபாவளிக்கு என்று பிரித்து வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட மாதங்களில் சிஸ்டம் சும்மா கிடக்கும்.

இப்போது மூன்றாவது வகை. உங்கள் காசு போகிற இடம் இதுதான்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டின் நீளமான பல்லைப் பார்த்தால் 16 லேன் (போர்டுக்கும் கார்டுக்கும் நடுவே தரவு போகும் தடம்) கார்டு போலவே இருக்கும். உண்மையில் அது போர்டோடு பேசுவது நான்கே லேனில். பிசிஐஇ (கார்டு சொருகும் இணைப்பு) 4.0 போர்டில் ஒரு லேனுக்கு நொடிக்குச் சுமார் 2 ஜிபி போகும், நான்கு லேனுக்கு 8 ஜிபி. பி450 பிசிஐஇ 3.0 போர்டு, அதில் ஒரு லேனுக்கு 1 ஜிபிதான், மொத்தமே 4. நம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ரோடு குறுகியது, வண்டியும் மெதுவாகத்தான் போகும், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? அதிலும் இந்தக் கார்டில் இருப்பது 4 ஜிபி நினைவகம். கேம் அதைத் தாண்டிக் கேட்கும்போது மீதியை சிஸ்டம் ரேமிலிருந்து இதே குறுகிய ரோடு வழியாகத்தான் இழுக்க வேண்டும். வாலரன்ட் லேசான கேம், சமாளித்துவிடும். கொஞ்சம் கனமான கேமில் டெக்ஸ்சரை (படத்தின் நுணுக்கத்தை) ஏற்றினால் திடீர் திடீரென்று நிற்கும், கடையில் கேட்டால் "கேம் அப்படித்தான்" என்பார்கள்.

போர்டை பி550-க்கு மாற்றினால் லேன் வேகம் சரியாகிவிடும். அப்போதும் இந்தக் கார்டு உங்களுக்கு வேண்டாம் என்பேன். அதற்குக் காரணம் ஃபுட்பால் வீடியோ. 6500 எக்ஸ்டி-யில் வீடியோவை என்கோட் செய்கிற, அதாவது சுருக்கி ஃபைலாக எழுதுகிற, சுற்று இல்லவே இல்லை. மேட்ச் வீடியோவை எடிட் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் பிராசசர்தான் முழுச் சுமையையும் தூக்க வேண்டும். ஆடிக்கொண்டே ரெக்கார்டு செய்தாலும் அதே கதை. ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி, அல்லது ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி, இரண்டில் உங்கள் காசுக்கு எட்டுவதை எடுங்கள். இரண்டும் எட்டு லேன் கார்டுகள், இரண்டிலும் என்கோடர் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்று யாராவது காட்டினால் 8 ஜிபியா 6 ஜிபியா என்று கேளுங்கள். நினைவகம் மட்டும் குறைந்த அதே கார்டு என்று நினைத்துவிடாதீர்கள். 6 ஜிபி மாடலில் உள்ளே இருக்கும் கோர்களும் குறைவு, மின்சாரமும் 130 வாட்டுக்குப் பதில் 70 வாட்தான், அதாவது அது வேறு கார்டு. பெட்டியில் பெயர் மட்டும் ஒன்று.

பிராசசரிலும் இப்படி ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. ரைசன் 5 5500 விலை கொஞ்சம் குறைவு, "5600-க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். 5500 பிசிஐஇ 3.0 பிராசசர். பி550 போர்டு வாங்கினாலும் கார்டுக்கு 3.0 வேகம்தான் கிடைக்கும். பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் நினைவகமும் 5600-இல் பாதி. 5600-ஐயே பிடித்துக்கொள்ளுங்கள், கொட்டேஷனில் எனக்குப் பிடித்த ஒரே வரி அதுதான்.

ரேம். 16 ஜிபி ஒரே ஸ்டிக் வேண்டாம், 8 ஜிபி இரண்டு வாங்குங்கள். ஒரு ஸ்டிக் என்றால் ஒரு சேனல், 3200 வேகத்தில் நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக் இரண்டு சேனலில் உட்கார்ந்தால் 51.2. வாலரன்ட் போன்ற கேம்கள் கார்டைவிடப் பிராசசரைத்தான் அதிகம் வேலை வாங்கும், பிராசசர் ரேமை நம்பி இருக்கும். சராசரி ஃபிரேம் (நொடிக்குத் திரையில் மாறும் படம்) எண்ணிக்கையைவிட, சண்டை நடக்கும் அந்த இரண்டு வினாடியில் ஃபிரேம் எவ்வளவு கீழே விழுகிறது என்பதில்தான் இந்த வித்தியாசம் தெரியும். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் கொண்டுவந்த சிஸ்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போட்ட பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் 2400-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். 2025 கடைசியில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. அப்படி ஏறின விலைக்கு வாங்கின பொருளைக் குறைந்த வேகத்தில் ஓட்டுவது எனக்கு மனசு கேட்காது.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேபினெட்டோடு சேர்ந்து வரும் "500 வாட்" எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு லேபிள் இருக்கும். அதில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். நான் கழற்றிய பலவற்றில் 16, 18 என்றுதான் இருந்தது. 18 ஆம்பியரை 12 வோல்ட்டால் பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் பக்கத்திலிருந்துதான், மற்ற பக்கங்களில் எவ்வளவு எழுதியிருந்தாலும் இவற்றுக்குப் பயனில்லை. உங்கள் 5600 முழு வேலையில் 76 வாட் வரை எடுக்கும். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 260-ஐ நெருங்குகிறது, அதற்கு மேல் கார்டு கண நேரம் எகிறி இழுப்பது தனி. 216 வாட் தருகிற ஒன்று இதை எப்படித் தாங்கும்? முதல் சில மாதம் தாங்கும். பிறகு ஒரு நாள் கேம் நடுவில் சிஸ்டம் தானாக அணைந்து அணைந்து வரும். கடைசியில் போகும்போது போர்டையோ கார்டையோ கூட்டிக்கொண்டு போகவும் செய்யும்.

தனியாக ஒரு 550 வாட் யூனிட் வாங்குங்கள். 12 வோல்ட் பக்கம் 40 ஆம்பியருக்கு மேல் இருக்க வேண்டும், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று இருக்க வேண்டும், வாரண்டி ஐந்து வருடம் இருந்தால் நல்லது. 80 பிளஸ் என்பது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கொடுக்கிறது என்பதற்கான சான்று, உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கான சான்று அல்ல. அதனால்தான் வாரண்டி வருடத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். பெட்டியில் 6+2 பின் கேபிள் கார்டுக்கு, 4+4 பின் கேபிள் பிராசசருக்கு. இரண்டும் எட்டு பின்தான், ஆனால் வயர் வரிசை வேறு. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் திணிக்கக் கூடாது.

கேபிள் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ராயபுரத்திலிருந்து ஒருவர் சிஸ்டம் கொண்டுவந்தார், எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும். பழையதும் மாடுலர், புதியதும் மாடுலர், அதாவது கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை. பழைய கேபிள்கள் கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டப்பட்டிருந்ததால் ஹார்டு டிஸ்க் கேபிளை மட்டும் அப்படியே விட்டுப் புது யூனிட்டில் சொருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆன் செய்ததும் கருகல் வாசனை. டிஸ்க் முனையில் இருக்கும் வரிசை எல்லா கம்பெனிக்கும் ஒன்று, ஆனால் எஸ்எம்பிஎஸ் முனையில் ஒவ்வொரு கம்பெனியும், சில நேரம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களே கூட, வேறு வேறு வரிசை வைத்திருப்பார்கள். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய்விட்டது. அந்த டிஸ்க்கில் அவருடைய அம்மாவின் கடைசிப் பிறந்தநாள் போட்டோக்கள் இருந்தன. டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தேன், போட்டோக்களைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இன்றைக்கும் எந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்தாலும் அதன் பெட்டியில் வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன். நீங்களும் தொடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அது வீட்டு வயரிங்கோடும் ஒத்துப்போக வேண்டும். நம் பக்கம் பழைய வீடுகள், ஒரு வீட்டை மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்ட போர்ஷன்கள், மேலே பின்னால் எழுப்பிய ஷீட் ரூம்கள். சுவரில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், மேல் ஓட்டைக்கு வயரே வந்திருக்காது. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எர்த் இருக்கிறதா என்றுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் தகரப் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினெட் தகரம் சுமார் 115 வோல்ட்டில், நம் 230-இல் பாதியில், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கும். ஆனால் அதே நிலையில் கேபினெட்டுக்குள் நிஜமாக ஒரு கசிவு வந்தால் அது போவதற்கு வேறு வழி இருக்காது, தொடுகிற ஆளின் உடம்பு வழியாகத்தான் போகும். சிஸ்டம் வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ரூம் வரை எர்த் வயர் இழுக்கச் சொல்லுங்கள். நீங்களே டெஸ்டர் வைத்து நோண்ட வேண்டாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். கார்டில் ஒரு படி இறங்கியாவது இந்தச் செலவைச் செய்யச் சொல்வேன்.

யுபிஎஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மழைக்காலத்தில் தேவைப்படும். 600 விஏ என்று வாங்கும் சாதாரண யுபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட்தான். விஏ-வும் வாட்டும் ஒன்றல்ல. கேம் ஆடும்போது சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விடும், கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் தாங்காமல் தானும் அணையும். 1000 விஏ இருந்தால் கேமை மூடி ஒழுங்காக ஷட்டவுன் செய்ய நேரம் கிடைக்கும். அதுதான் அதன் வேலை, மேட்சை முடிக்கக் கொடுத்த நேரமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ஷீட் ரூமுக்கு வருவோம். இணையத்தில் பார்க்கிற வெப்பச் சோதனைகளில் ரூம் 22, 25 டிகிரி இருக்கும், ஏசி போட்டிருப்பார்கள். மே மாத மத்தியானம் வியாசர்பாடியில் ஷீட்டுக்குக் கீழே 40-ஐத் தாண்டும். ரூம் 15 டிகிரி கூடினால் உள்ளே பிராசசரும் கார்டும் ஏறக்குறைய அதே 15 டிகிரி கூடித்தான் இருக்கும், எந்தக் காற்றாடியும் ரூம் காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தர முடியாது. 5600-க்கு எல்லை 90 டிகிரி. அதை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உங்களுக்கு ஃபிரேம் விழும். அதனால் கண்ணாடி முகப்பு கேபினெட் உங்களுக்கு ஆகாது. பார்க்க அழகுதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் காற்று உள்ளே போக ஓரத்தில் ஒரு விரல் இடுக்குதான் விட்டிருப்பார்கள். முன்பக்கம் வலை வைத்த கேபினெட் எடுங்கள், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கிற மாதிரி, பின்னால் ஒன்று வெளியே தள்ளுகிற மாதிரி. உள்ளே வருகிற காற்று வெளியே போவதைவிட அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி இழுக்காது, ஃபில்டர் வழியாகத்தான் காற்று வரும். லாரி போகிற ரோட்டோரமோ மணலி, எண்ணூர் பக்கமோ இருப்பவர்கள் அந்த ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவ வேண்டியிருக்கும். காசிமேடு, ராயபுரம் மாதிரி கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் ரேமின் பல் மங்கி டிஸ்ப்ளே வராமல் போவது உண்டு. கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்து, வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் போட்டால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். எந்த ஏரியா என்றாலும் கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தண்ணீர் நின்ற வீடுகளிலிருந்து என்னிடம் வந்த சிஸ்டங்களில் முக்கால்வாசி தரையில் இருந்தவை.

எஸ்எஸ்டி-யில் ஒரே விஷயம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர். அதில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு, விலை ஏறக்குறைய ஒன்றுதான், வேகம் பல மடங்கு வேறு. என்விஎம்இ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 512 ஜிபி மேட்ச் வீடியோக்களுக்குச் சீக்கிரம் நிறைந்துவிடும், 1 டிபி-க்கு முயற்சி செய்யுங்கள். இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் ஏதாவது வைத்தால் சில போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும், போர்டு புத்தகத்தில் இருக்கும்.

வாலரன்ட்டுக்கு மென்பொருள் பக்கமும் ஒரு பொருத்தம் வேண்டும். விண்டோஸ் 11-இல் அது ஓட டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புக்கான வசதி) செக்யூர் பூட்டும் (சான்று இல்லாத மென்பொருள் துவக்கத்தில் ஏறாமல் தடுப்பது) ஆன் ஆகியிருக்க வேண்டும். உங்கள் பிராசசரில் டிபிஎம் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம், பயாஸில் ஆன் செய்தால் போதும். கடையில் விண்டோஸ் போட்டுத் தரும்போது டிஸ்க்கை ஜிபிடி முறையில் பிரிக்கச் சொல்லுங்கள். பழைய எம்பிஆர் முறையில் போட்டுவிட்டால் செக்யூர் பூட் வேலை செய்யாது.

"ஏஎம்4 பழசாச்சே அண்ணா, ஏஎம்5 போகலாமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். காசு தாராளமாக இருந்தால் போகலாம். ஏஎம்5-க்கு 2027 வரையிலாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, நாளைக்கு வேறு பிராசசர் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் போர்டும் டிடிஆர்5 ரேமும் சேர்ந்து விழுங்கும் தொகை உங்கள் கார்டிலிருந்துதான் போகும். கேமுக்குக் கார்டுதான் முக்கியம். உங்கள் பட்ஜெட்டுக்கு 5600, பி550 போர்டு, 8 ஜிபி இரண்டு, 6600 அல்லது 4060, தனி 550 வாட் எஸ்எம்பிஎஸ், வலை முகப்பு கேபினெட். மானிட்டர் அதே இருக்கட்டும், ஆனால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 என்று நீங்களே மாற்ற வேண்டும். மாற்றாமல் இரண்டு வருடம் 60-இல் ஆடியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

வாங்க எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போகிறீர்கள் என்றால், வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டாப், அரசினர் தோட்டம். ஒரே கடையில் எல்லாம் வாங்க வேண்டும் என்று இல்லை, ஆனால் போர்டும் பிராசசரும் ரேமும் ஒரே கடையில் வாங்கினால் டிஸ்ப்ளே வராதபோது ஒருவர் மேல் ஒருவர் பழி போட முடியாது. பிராசசர் சீல் பெட்டியில் இருக்க வேண்டும், ட்ரே பீஸ் என்று தனியாகக் கொடுத்தால் கம்பெனி வாரண்டியை நம்ப முடியாது. ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பெட்டியோடு ஒத்துப்பாருங்கள். ஏஎம்4 பிராசசருக்குப் பின் அதன் அடியில்தான் இருக்கும், வளைந்திருக்கிறதா என்று போர்டில் வைப்பதற்கு முன் வெளிச்சத்தில் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் கனமான கேமை ஓட்டுங்கள், ராத்திரி குளிர்ந்த பிறகு ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பக்கத்தில் வெப்பம் காட்டும் மென்பொருள் ஒன்று திறந்திருக்கட்டும். பிராசசர் 85-க்குக் கீழே நின்று, ரேம் 3200 என்று காட்டி, ஒரு தடவைகூட அணையாமல் ஓடினால் பெட்டிகளை மடித்துப் பரண் மேல் போடுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வாரண்டிக்குப் போகும்போது பெட்டியையும் கேட்பார்கள்.